வேடம் கட்டினால் வரலாறு பேசும்



பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, எந்த மன்னரைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். இராசராசனைப் பற்றியும் கடாரம் கொண்ட இராசேந்திரனைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஆகவே, வேறொரு வரலாற்றைச் சொல்லத் துணிந்தேன். பழைய காலத்து மக்களைப் போல வேடம் கட்டி, அவர்கள் செய்ததைச் செய்து பார்க்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. அந்த வழக்கம் எப்படி வந்தது, அது கதை எழுதுகிறவர்களுக்கு எவ்வாறு கைகொடுத்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். நம் பந்திங் வட்டாரத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு இருக்கிறது, பொறுத்திருந்து படியுங்கள்.

ஒரே தாத்தாவா?

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒருமுறை 'என் கொள்ளுத் தாத்தா' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். மறுநாள் நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தேன். முதல் நோட்டில், 'என் கொள்ளுத் தாத்தா தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தார். காட்டை அழித்துக் கித்தா மரம் நட்டார். பல துன்பங்களை அனுபவித்தார். அவரை நான் மறக்க மாட்டேன்' என்று இருந்தது. இரண்டாவது நோட்டிலும் அதேதான். பத்தாவது நோட்டிலும் அதேதான்! இத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே கொள்ளுத் தாத்தாவா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு அடங்கிவிட்டது. பிள்ளைகள் மேல் குற்றமில்லை. நான் வகுப்பில் சொல்லிக் கொடுத்த நாலு வரியைத்தான் அவர்கள் திருப்பித் தந்திருந்தார்கள். எனக்கே அதற்கு மேல் என்ன தெரியும்? நானும் கித்தா மரம் சீவியவன் அல்லன். நான் பிறந்து வளர்ந்த நாளில் எங்கள் தோட்டத்தில் செம்பனை வந்துவிட்டது.

'துன்பப்பட்டார்' என்று எழுதிவிட்டால் போதுமா? எந்த இடத்தில் வலித்தது? தோளிலா, முழங்காலிலா, மனத்திலா? வரலாற்று நூலுக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம். கதை எழுதுகிறவனுக்கு அது கட்டாயம் வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

நம்மவர்க்குப் புதியதல்ல

பழைய நிகழ்ச்சியை மீண்டும் நடித்துப் பார்ப்பது ஏதோ வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். நம் மக்கள் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிறார்கள். வடதமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, இரவு முழுவதும் தெருக்கூத்து ஆடி, கடைசியில் படுகளம் அமைப்பார்கள். துரியோதனன் உருவத்தை மண்ணால் தரையிலே மிகப் பெரிதாகப் படுக்கவைத்திருப்பார்கள். பீமன் வேடம் பூண்டவர் வந்து தொடையில் அடிப்பார். அதன் பிறகுதான் திரௌபதி கூந்தல் முடிப்பாள். ஊரே அன்றைக்குக் குருக்ஷேத்திரமாகிவிடும். அண்டை நாடான சிங்கப்பூரில் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் நடக்கும் தீமிதியும் இந்தத் திரௌபதி வழிபாட்டைச் சேர்ந்ததே.

இதைவிடவும் நம் பொருளுக்கு நெருக்கமானது அண்ணன்மார் சாமி கதை. பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பி, அவர்களுடைய தங்கை அருக்காணித் தங்காள் ஆகியோரின் கதை இது. கொங்கு நாட்டில் உடுக்கையடித்துப் பல இரவுகள் பாடுவார்கள். திருச்சி மாவட்டத்தில் மணப்பாறைக்கு அருகில் வீரப்பூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே மாசி மாதத் திருவிழாவில் அந்த வீரர்களின் கதையை மக்கள் நடித்தே காட்டுகிறார்கள். படுகளம் என்னும் கட்டத்தில் ஆண்கள் அருள் வந்து, போரில் மாண்டவர்களைப் போலத் தரையில் சாய்ந்து கிடப்பார்கள். தங்கை வந்து புனித நீர் தெளித்து எழுப்புவாள். கிடப்பவர்களுக்கு அது நடிப்பல்ல, வழிபாடு. ஆகவே அதைப் பொழுதுபோக்கு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பழங்கதையை உடம்பால் மீண்டும் வாழ்ந்து பார்ப்பது என்ற வகையில் இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை.

இதிலிருந்து எழுத்து எவ்வளவு பிறந்தது பாருங்கள்! பிரெண்டா பெக் என்ற மானிடவியல் அறிஞர் 1960களில் கொங்கு நாட்டுக் கிராமத்தில் வந்து தங்கி, அண்ணன்மார் கதையைப் பாணர் பாடப் பாட ஒலிநாடாவில் பதிவு செய்தார். அதை ஆராய்ந்து 1982ல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். கலைஞர் மு. கருணாநிதி அதே கதையைப் 'பொன்னர் சங்கர்' என்ற நாவலாக எழுதினார். 2011ல் அது திரைப்படமாகவும் வந்தது. யோசித்துப் பாருங்கள்: ஆண்டுதோறும் யாராவது ஒருவர் பொன்னராக நின்று, யாராவது ஒருத்தி தங்காளாக அழுது, அந்தக் கதையை உயிரோடு வைத்திருந்தார்கள். அதனால்தான் நாவலாசிரியருக்கு எடுத்து எழுத ஒரு கதை கிடைத்தது. நம் தோட்டங்களிலும் திருவிழாக் காலத்தில் கொட்டகை போட்டுப் பொன்னர் சங்கர், அரிச்சந்திரன், பவளக்கொடி என்று விடிய விடிய நாடகம் போட்டதை முதியவர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்வதைக் கேட்டிருக்கிறேன்.

எழுத்தாளர் ந. முத்துசாமியையும் இங்கே நினைக்க வேண்டும். சிறுகதையாளராக இருந்த அவரைத் தெருக்கூத்து ஆட்கொண்டது. 1977ல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற அமைப்பை உருவாக்கினார். படித்தவர்கள் திரும்பிப் பார்க்காத கூத்தை அவர் பாடசாலையாக மதித்தார். அவருடைய நாடக எழுத்துக்கு அது உரமாயிற்று.

மேல்நாட்டில் நடந்தது

இப்போது சற்றுக் கடல் கடந்து பார்ப்போம். ஆங்கில நாவலாசிரியர் சர் வால்டர் ஸ்காட் 1819ன் இறுதியில் 'ஐவன்ஹோ' என்ற நாவலை வெளியிட்டார். குதிரை வீரர்கள் இரும்புக் கவசம் பூண்டு ஈட்டியால் மோதும் காட்சிகளைப் படித்து மக்கள் மயங்கினார்கள். ஸ்காட்லாந்தில் எக்லின்டன் பிரபு என்ற செல்வர், அப்படிப்பட்ட போட்டியை நிஜமாகவே நடத்திப் பார்த்துவிடுவது என்று முடிவு கட்டினார். 1839ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நாள் குறித்தார்கள். கவசம் வாங்கினார்கள், பயிற்சி செய்தார்கள், பல்லாயிரம் பேர் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். முதல் நாளே கொட்டியது பாருங்கள் மழை! மைதானம் சேறாயிற்று. கவச வீரர்கள் நனைந்தார்கள், சீமான்களும் சீமாட்டிகளும் குடை பிடித்தார்கள். நாடே கைகொட்டிச் சிரித்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பிரிட்டனின் பிரதமராக இருமுறை இருந்த டிஸ்ரேலி ஒரு நாவலாசிரியரும் ஆவார். அவர் 1880ல் வெளியிட்ட 'எண்டிமியன்' என்ற நாவலில் அந்த எக்லின்டன் போட்டியை முன்மாதிரியாக வைத்து ஒரு காட்சி எழுதினார். நாவலிலிருந்து ஒரு விளையாட்டு பிறந்தது. அந்த விளையாட்டிலிருந்து மறுபடியும் நாவல் பிறந்தது. விதையும் மரமும் போலத்தான்.

நம் காலத்துக்கு வருவோம். 1966ஆம் ஆண்டு மே முதல் நாள், அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துப் பெர்க்லி நகரில், டயானா பாக்சன் என்ற பெண்மணியின் வீட்டுக் கொல்லையில் நண்பர்கள் சிலர் இடைக்கால ஐரோப்பியர் போல உடுத்திக்கொண்டு கூடி வாட்போட்டி நடத்தினார்கள். விளையாட்டாகத் தொடங்கிய அது பல நாடுகளில் கிளை பரப்பிய பெரிய சங்கமாக வளர்ந்துவிட்டது. அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சேருகிறவர் பழங்காலத்து மனிதர் ஒருவரைத் தம் மனத்தில் உருவாக்கி, அவருக்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரிலேயே பழக வேண்டும். புகழ்பெற்ற மன்னரின் பெயரை எடுத்துக்கொள்ளக் கூடாது. அக்காலத்தில் இருந்திருக்கக்கூடிய ஒருவராக இருக்க வேண்டும். உன் ஊர் எது, தொழில் என்ன, எதை உண்பாய், யாரைக் கண்டால் அஞ்சுவாய் என்றெல்லாம் தேடித் தெரிந்துகொள்ள வேண்டிவரும். கதை எழுதுகிறவன் ஒரு பாத்திரத்தைப் படைக்கும்போது செய்கிற வேலை இதுதானே! அந்த டயானா பாக்சன் பிற்காலத்தில் பழங்கால ஐரோப்பாவை வைத்துப் பல நாவல்கள் எழுதினார். போல் ஆண்டர்சன் போன்ற கதாசிரியர்களும் அச்சங்கத்தில் ஈடுபாடு கொண்டிருந்தார்கள்.

இன்னொருவர் டிம் செவரின். இவர் 1940ல் இந்தியாவின் அஸ்ஸாமில் பிறந்தவர். ஆறாம் நூற்றாண்டில் பிரெண்டன் என்ற அயர்லாந்துத் துறவி தோல் படகில் மேற்குக் கடலைக் கடந்ததாகப் பழைய நூலொன்று சொல்கிறது. நடக்கக்கூடியதா என்று பலரும் ஐயப்பட்டார்கள். செவரின் ஐயப்பட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 49 காளைத் தோல்களைப் பழைய முறைப்படி பதனிட்டு, தைத்து, படகு கட்டி, 1976ல் அயர்லாந்திலிருந்து புறப்பட்டார். இடையில் குளிர்காலத்தை ஐஸ்லாந்தில் கழித்து, 1977ல் வட அமெரிக்காவின் நியூபவுண்ட்லாந்து கரையை அடைந்தார். வழியில் அவர் கற்ற பாடம் என்ன தெரியுமா? நவீன முறையில் பொட்டலம் கட்டிய உணவு கடல்நீரில் நனைந்து கெட்டபோது, பழைய முறையில் பதப்படுத்திய இறைச்சியும் பாலாடைக் கட்டியும் தாக்குப்பிடித்தன. எந்த நூலகத்தில் உட்கார்ந்தாலும் இந்த அனுபவம் கிடைக்குமா?

பிறகு 1980ல், ஆணி அடிக்காமல் தேங்காய்நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய அரபுக் கப்பலில் ஓமானிலிருந்து புறப்பட்டார். கேரளக் கரை, இலங்கை, சுமத்திரா என்று வந்து, நம் மலாக்கா நீரிணை வழியாகச் சிங்கப்பூரைத் தொட்டு, 1981ல் சீனாவின் கான்டன் துறைமுகம் சேர்ந்தார். சிந்துபாத் கதையின் கடல்வழியைத் தேடிய பயணம் அது. நெடுங்காலம் பயண நூல்களே எழுதிவந்த செவரின், 2005ல் வைக்கிங் மக்களைப் பற்றிய நாவலோடு வரலாற்றுக் கதை எழுத்தில் இறங்கினார். 2020ல் மறையும் முன் பல நாவல்களை எழுதிவிட்டார். படகின் தோல் வாடை எப்படி இருக்கும், நனைந்த கம்பளி எவ்வளவு கனக்கும் என்பதை அவர் யாரிடமும் கேட்கத் தேவையில்லை அல்லவா?

நம் வட்டாரத்தில் என்ன இருக்கிறது?

சரி, அயர்லாந்து போதும், வீட்டுக்கு வருவோம். பந்திங்கிலே என்ன வரலாறு கிடக்கிறது என்று நினைக்கிறவர்கள் நம்மில் அதிகம். ஜுக்ரா குன்றைச் சுற்றிய பகுதி, சிலாங்கூர் சுல்தான் அப்துல் சமாட் வாழ்ந்த இடம். நாம் பிள்ளைகளை உல்லாசப் பயணம் அழைத்துப் போகும் மோரிப் கடற்கரையில்தான், 1945ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் நேசநாட்டுப் படை வந்து இறங்கியது. அந்தப் படையில் இந்தியச் சிப்பாய்கள் பெருந்தொகையாக இருந்தார்கள். ஜப்பான் அதற்கு முன்பே சரணடைந்துவிட்டதால் சண்டை நடக்கவில்லை. ஆனால் வண்டிகள் பல கரையின் சேற்று மணலில் சிக்கிக்கொண்டன. 'சிக்கிக்கொண்டன' என்று படிக்கும்போது நமக்கு ஒன்றும் தோன்றாது. நீர் வற்றிய நேரத்தில் மோரிப் கரையில் இறங்கி, தோளில் ஒரு மூட்டையோடு ஐம்பது அடி நடந்து பாருங்கள். ஒரு காலை எடுத்தால் மறுகால் புதையும். காலணி சேற்றோடு போய்விடும். எதிரே துப்பாக்கி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போது வயிறு கலங்கும். அந்தக் கலக்கத்திலிருந்துதான் கதை தொடங்கும்.

நம் மக்களுடைய வரலாறு இதைவிட ஆழமானது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் அவர்களை ஒன்றுதிரட்டினார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும், பிள்ளைகளுக்கு நல்ல கல்வி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்று கேட்டார்கள். அந்தக் கோரிக்கைகளோடு இன்னொன்றும் இருந்தது: துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்! அவ்வாண்டு மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். போராட்டம் பல தோட்டங்களுக்குப் பரவியது. படையை இறக்கி அடக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின.

கூலியைக் கேட்டது நமக்குப் புரிகிறது. சைக்கிள் விஷயத்தை ஏன் அத்தனை பெரிதாகக் கேட்டார்கள்? இது எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. எனக்கு விளக்கியது ஒரு பையன்.

பிள்ளைகள் நடித்த நாள்

மேலே சொன்ன கட்டுரை நோட்டுகளைப் பார்த்த பிறகு, நானும் சக ஆசிரியர்களும் பேசி, பள்ளி விழா ஒன்றில் 'அந்தக் காலத்துத் தோட்டம்' என்ற நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தோம். வசனம் எழுதி மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் நாடகமல்ல. அந்தக் காலத்து வேலையை அப்படியே செய்து பார்ப்பது. லயத்துப் பெரியவர்கள் வீடுகளிலிருந்து பழைய பால் வாளி, காண்டாக் கம்பு, உளி, மங்கு எல்லாம் தேடிக் கொண்டுவந்தார்கள். வாளியில் பாலுக்குப் பதிலாகத் தண்ணீர் நிரப்பினோம்.

ஒரு மாணவி காண்டாவைத் தூக்கி நாலு அடி வைத்தாள். தண்ணீர் பாதி கீழே கொட்டிவிட்டது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர், மரம் சீவியே பிள்ளைகளை வளர்த்தவர், பொறுக்க மாட்டாமல் எழுந்து வந்துவிட்டார்.

"இல்ல கண்ணு, வாளிய நிறுத்தப் பாக்காத. அது ஆடத்தான் செய்யும். அது ஆடுறப்ப நீயும் சேந்து ஆடி நட. பால் கொட்டுனா எடை குறையும், எடை குறைஞ்சா காசு போயிடும்" என்றார்.

சொன்னதோடு நிற்காமல், அந்த வயதிலும் காண்டாவை வாங்கித் தம் தோளில் வைத்து நடந்து காட்டினார். ஒரு சொட்டு கொட்டவில்லை. கொட்டகையே கைதட்டியது. பாட்டியின் பேரப்பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். தங்கள் வீட்டில் இப்படி ஒரு வித்தை இருப்பது அவர்களுக்கு அதுவரை தெரியாது!

அடுத்து சைக்கிள் காட்சி. ஒரு பையன் தொழிலாளி, இன்னொருவன் தொப்பி வைத்த துரை. ஒத்திகையின்போது தொழிலாளிப் பையன் சைக்கிளை ஓட்டி வந்தான், துரையைப் பார்த்தான், இறங்கினான். அப்படியே திகைத்து நின்றான்.

"என்னப்பா?" என்றேன்.

"சார், இறங்கிட்டேன். இப்ப எங்க பாக்கறது சார்?" என்றான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் படித்த எந்த நூலிலும் அது இல்லை. துரையின் முகத்தைப் பார்ப்பதா? தரையைப் பார்ப்பதா? மரத்தைப் பார்ப்பதா? ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாத்தாவிடம் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்:

"எங்கப்பா சொல்வாரு வாத்தியாரே. துரை தாண்டிப் போற வரைக்கும் சைக்கிளு முன் சக்கரத்தையே பாத்துக்கிட்டு நிப்பாராம். ஒருநா கூடவே என்னயும் பின்னால உக்கார வச்சிருந்தாராம். நான் கைக்கொழந்த. எனக்கு ஞாபகமில்ல. 'நீ பாத்துட்டியோன்னுதான்டா எனக்கு வெக்கமா போச்சு'ன்னு சாகறவரைக்கும் சொல்வாரு."

அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தப் பேச்சே என் காதில் ஒலித்தது. 1941ல் கிள்ளான் தொழிலாளர்கள் ஏன் அந்தக் கோரிக்கையை எழுதினார்கள் என்பது அப்போதுதான் விளங்கிற்று. அவர்கள் தாங்கள் குனிந்ததற்காக மட்டும் போராடவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளை பார்த்துவிடுமே என்பதற்காகவும் போராடியிருக்கிறார்கள். நான் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்த பாடத்தின் பொருளை, நடிக்க வந்த ஒரு பையனின் கேள்வி எனக்குக் கற்பித்துவிட்டது.

விழா முடிந்த மறுவாரம் அதே தலைப்பில் மறுபடியும் எழுதச் சொன்னேன். காண்டா தூக்கிய மாணவி, 'வலது தோள் எரிந்தது, இடது தோளுக்கு மாற்றினேன், தண்ணீர் சிலிப்பருக்குள் போய் வழுக்கியது, என் பாட்டிக்கு இது தினமும் நடந்திருக்கும்' என்று எழுதினாள். சைக்கிள் ஓட்டிய பையன், வழக்கமாக அரைப்பக்கத்துக்கு மேல் எழுதாதவன், மூன்று பக்கம் எழுதியிருந்தான். கட்டுரை அல்ல, கதை! சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தை சொல்வதுபோல எழுதியிருந்தான். எழுத்துப் பிழைகள் இருந்தன. நான் சிவப்பு மையைத் தொடவே இல்லை.

எல்லாவற்றையும் நடிக்கலாமா?

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அந்த வெற்றியைப் பார்த்த மாணவர்கள், "சார், அடுத்த வருசம் சயாம் மரண ரயில் போடலாம் சார்" என்று உற்சாகமாகக் கேட்டார்கள். 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட, நம் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோனார்கள். காலராவிலும் பசியிலும் அடியிலும் மாண்டவர்கள் எண்ணற்றவர்கள். பல குடும்பங்களில் போனவர் திரும்பவே இல்லை. கருமாதி செய்ய நாள்கூடத் தெரியாது. அதைப் பிள்ளைகள் விசிலடிக்கும் மேடையில் விளையாட்டாக நடிக்க நான் சம்மதிக்கவில்லை. ஒருநாள் பட்டினி கிடந்து நடித்தவன், அந்தப் பசி எனக்குத் தெரியும் என்று சொன்னால் அது பொய். ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண இரயில்', அ. ரெங்கசாமி எழுதிய 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் இருக்கின்றன. அவற்றைப் பெரியவர்கள் எடுத்துச் சொல்ல, அமைதியாக உட்கார்ந்து கேட்போம் என்று முடிவு செய்தோம்.

காண்டாவைக் கால்மணி நேரம் தூக்கியவர் அதை இறக்கி வைத்துவிட்டுப் பொட்டலச் சோறு சாப்பிடப் போய்விடலாம். பாட்டி மறுநாளும் தூக்க வேண்டும், அதற்கு மறுநாளும் தூக்க வேண்டும். இந்த வேறுபாட்டை மறக்காதவன்தான் உண்மையான கதை எழுதுவான். நடிப்பு நமக்கு விடை தருவதைவிட, நல்ல கேள்வியைத் தருகிறது. விடையைப் பெரியவர்களிடமும் நூல்களிடமும்தான் கேட்டறிய வேண்டும்.

நேரம் போய்க்கொண்டிருக்கிறது

அன்பர்களே! நம் முன்னோடி எழுத்தாளர்கள் பலர் தாங்கள் கண்டதையும் கேட்டதையும் வைத்தே எழுதினார்கள். 'லங்காட் நதிக்கரை' என்ற நாவலில் அ. ரெங்கசாமி நம் பக்கத்து ஆற்றங்கரை வாழ்க்கையைப் பதிவு செய்தார். தமிழ்நாட்டு எழுத்தாளர் அகிலன் 1970களில் மலேசியா வந்து, தோட்டங்களை நேரில் பார்த்துப் 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். அவர்கள் பார்க்கும்போது கித்தா மரங்கள் நின்றன, பெரட்டுக்கு மணியடித்தது, ஆயக்கொட்டகையில் தொட்டில் ஆடியது. நம் பிள்ளைகள் எழுத உட்காரும்போது எது நிற்கும்? லயங்கள் இடிக்கப்படுகின்றன. தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாகின்றன. காண்டாவைச் சரியாகத் தூக்கத் தெரிந்த தோள்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகின்றன.

ஆகவே, பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். வீட்டில் கிடக்கும் பழைய உளியையும் மங்கையும் வாளியையும் பழைய இரும்புக்காரனிடம் போடாதீர்கள். ஒருநாள் மாலை, தாத்தா பாட்டியை நடுவில் உட்காரவைத்து, "எப்படித் தூக்குவீங்க, எப்படி நிப்பீங்க, காட்டுங்க" என்று கேளுங்கள். 'சொல்லுங்கள்' என்றால், "அதெல்லாம் எதுக்கு இப்போ" என்று ஒதுங்கிவிடுவார்கள். 'செய்து காட்டுங்கள்' என்றால் கை தானாகவே பேசத் தொடங்கும். கை பேசினால் வாயும் பேசும். இது நான் கண்ட உண்மை.

மாணவச் செல்வங்களே! நீங்கள் பிள்ளைகளாக இருக்கும்போதே செய்து பாருங்கள். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, விளக்கில்லாமல் வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். என்ன சத்தம் கேட்கிறது, எங்கே கொசு கடிக்கிறது, எதற்குப் பயம் வருகிறது என்று நோட்டில் குறித்துவையுங்கள். பிறகு பாட்டியிடம் போய், "உங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சா பாட்டி?" என்று கேளுங்கள். அவர் "ஆமாம்" என்று சொன்னால் ஒரு வரி கிடைக்கும். "இல்லடா கண்ணு" என்று தொடங்கினால் ஒரு கதையே கிடைக்கும்.

சைக்கிள் கதை எழுதிய மாணவன் இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறான். சில மாதங்களுக்கு முன் கடைத்தெருவில் பார்த்தேன். மோட்டார் சைக்கிளில் அப்பாவின் பின்னால் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்க முயன்றான். "உக்காரு, உக்காருப்பா, இறங்காதே!" என்று கையைக் காட்டினேன். அவனுக்குப் புரிந்துவிட்டது, சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கொஞ்சம் கலங்கிற்று. அவர்கள் போன பிறகும் நான் அவ்விடத்திலேயே சற்று நேரம் நின்றிருந்தேன்.

பள்ளி வளர்க! பிள்ளைகள் எழுதுக!